அழுக்கு என்று சீவிய ஓரம்

ஒன்பது லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். இருபத்தெட்டு வருட வேலையில் அவர் வெட்டிய துண்டுகள் அத்தனை இருக்கும். ஒவ்வொன்றின் பருமனும் மூன்று மைக்ரான். ஒரு தலைமுடியை நீளவாக்கில் இருபதாகச் சீவ முடிந்தால் ஒரு சீவல் அந்த மெல்லிசில் இருக்கும். வெட்டியதெல்லாம் மனிதச் சதை. யாருடையது என்று ஒருமுறைகூட அவர் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. நம்பர் மட்டும்தான்.

மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்கும் கேன்டீனுக்கும் நடுவில் இருக்கிறது அந்தத் திசு ஆய்வகம். ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்ததும் உருகிய மெழுகு வாசனை, அதன் பின்னாலேயே கண்ணை எரிக்கும் ஃபார்மலின். காலை ஏழரைக்கு உள்ளே நுழைந்து கையுறை மாட்டினால் மத்தியானம் வரை அவர் தலை நிமிர்வதில்லை. வயது ஐம்பத்தெட்டு. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். ஆய்வகம் மொத்தத்துக்கும் அவர் கத்தியக்கா.

மாடியில் அறுவை சிகிச்சை செய்து எடுத்த கட்டி இங்கே வரும். அதைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் மெழுகில் பதித்து இறுக வைப்பார்கள். தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு பிளாக். ஒரு கட்டிக்கு ஐந்தோ ஏழோ பிளாக் வரும். அதை ஐஸில் குளிரவைத்து, மைக்ரோடோம் என்கிற வெட்டும் கருவியில் பொருத்திச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். சுற்றுக்கு ஒரு துண்டு. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரிப்பன் மாதிரி இறங்கும். அதைத் தூரிகையால் ஏந்தி வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் அள்ள வேண்டும். மூச்சு பலமாக விட்டால் போச்சு. பக்கத்து மேசைக்காரர் ஒருமுறை தும்மி, ஒரு நோயாளியின் கல்லீரலைச் சுவரில் ஒட்டவைத்தார். பன்னிரண்டு வருடமாக அவருக்குத் தும்மல் என்றுதான் பேர்.

கத்தியக்காவின் கைக்கு ஆய்வகத்தில் தனி மதிப்பு. காரணம் அவர் தரும் சுத்தமான ஸ்லைடு. கட்டியின் நடுப்பகுதியை வெட்டிச் சாயம் ஏற்றினால் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஒரே மாதிரிச் செல்கள், வரிசை வரிசையாக. கட்டி முடிந்து நல்ல சதை தொடங்கும் ஓரத்தில் அந்த ஒழுங்கு கிடையாது. அங்கே நீலப் புள்ளிகள் கொட்டிக் கிடக்கும், யாரோ கடுகு டப்பாவைத் தட்டிவிட்டது போல. அவை வெள்ளையணுக்கள், உடம்பு அனுப்பிய காவல். ஆய்வகத்தின் பேச்சுவழக்கில் அதற்குப் பெயர் அழுக்கு. "அந்த பிளாக் வேண்டாம், ஒரே அழுக்கு" என்பார்கள். "அழுக்கைச் சீவிட்டு வெட்டுங்க" என்பார் பெரிய டாக்டர், ஆய்வகத்தின் தலைவர். கத்தியக்காவும் பிளேடு முனையால் மெழுகில் ஒரு கோடு கிழித்து, ஓரத்தைச் சீவித் தொட்டியில் தட்டிவிட்டு, நடுவை மட்டும் வெட்டித் தருவார். புதிதாகச் சேர்ந்த எல்லோருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. அன்றைய சோதனைகள் கட்டிச் செல்களை மட்டும் எண்ணின. நடுவில் வந்து நிற்கும் நீலக்கூட்டம் எண்ணுகிறவர் கண்ணை ஏமாற்றும். அதனால் ஓரம் வேண்டாம் என்றார்கள். சரிதான். அந்த நியாயம் எப்போது காலாவதியானது என்று யாரும் பார்க்கவில்லை என்பதில்தான் இந்தக் கதை இருக்கிறது.

கத்தியக்காவின் நாத்தனார், அதாவது கணவருடைய அக்கா, இருபத்திரண்டு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். கற்றுக்கொள்ள வருகிறவர் ஆணோ பெண்ணோ, வக்கீலோ வாட்ச்மேனோ, அவருக்கு எல்லோரும் மாங்கா. டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்கு அடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் தப்பு செய்தால் டீச்சர் அதை மிதித்து வண்டியை நிறுத்துவார். அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து நாத்தனாரின் வலது கால் கெண்டைச்சதை இடது காலைவிடத் தடிமனாக இருக்கும்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்பு கத்தியக்காவும் அவரிடம் கார் கற்கப் போனார். நான்காம் நாள் பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் கம்பத்தைச் சாய்த்தார். "உனக்கு ஸ்டியரிங் வேண்டாம்மா, கத்தி போதும்" என்று சொல்லி இறக்கிவிட்டார் நாத்தனார். சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதற்கப்புறம் சொந்தத்தில் நடந்த ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அந்தக் கம்பம் மறுபடி மறுபடி சாய்ந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே மரியாதைக்குக் குறைவில்லை, பேச்சு மட்டும் அளந்து.

போன வருடம் நாத்தனாருக்கு மார்பில் கட்டி. எடுத்துவிட்டார்கள். இந்த வருடம் அது நுரையீரலில் மூன்று இடத்தில் தலைகாட்டியது. புற்றுநோய் டாக்டர் ஒரு வழி சொன்னார்: வழக்கமான மருந்தோடு சேர்த்து, உடம்பின் காவல் செல்களையே கட்டிமேல் ஏவிவிடும் புது மருந்து. எல்லோருக்கும் அது பலிக்காது. யாருக்குப் பலிக்கலாம் என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. போன வருடம் எடுத்த கட்டி ஆய்வகத்து அலமாரியில் மெழுகில் பத்திரமாக இருக்கிறது. அதிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பார்த்தால் போதும். மதிப்பெண் பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருந்து. கீழே வந்தால் இல்லை.

வந்தது நாலு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கத்தியக்காவும் கணவரும் நாத்தனார் வீட்டுக்குப் போனார்கள். கணவர் பேருந்துப் பணிமனையில் டயர் பிரிவில் வேலை பார்ப்பவர். அக்காவுக்கு முன்னால் இன்றும் குரலை உயர்த்தாத தம்பி. முன்னறையில் டிரைவிங் ஸ்கூல் காலத்துச் சாலைக் குறியீட்டுப் பலகை சுவரில் அப்படியே இருந்தது. அதன் கீழே நாற்காலியில், இரண்டு தலையணைக்கு நடுவில், மூச்சு வாங்க நாத்தனார். மூச்சு வாங்கியதே தவிர வாய் ஓயவில்லை.

"நாலு போட்டிருக்கானுங்க. நாலு. என்கிட்ட வந்த எந்த மாங்காவும் நாலு மார்க் வாங்கினதில்ல. இதோ, இவளத் தவிர."

"அக்கா, இப்போ எதுக்கு அது" என்றார் தம்பி.

"நீ சும்மா இருடா. ஆஸ்பத்திரில ஒரு பொண்ணு, ஆலோசனை சொல்றதுக்குன்னே உக்கார வச்சிருக்காங்க. அது சொல்லுது, உங்க உடம்புல எதிர்ப்பு சக்தியே இல்லம்மா, அதான் இந்த மருந்து சேராதுன்னு. நாப்பது வயசுல டைபாய்டு வந்து பத்தே நாள்ல எந்திரிச்சு வண்டி எடுத்தவ நான். எனக்கு எதிர்ப்பு சக்தி இல்லையாம். கீழ்வீட்டுக்காரி அதைக் கேட்டுட்டு ஒரு டப்பா பவுடர் கொண்டாந்து வச்சிட்டுப் போயிருக்கா. தினம் மூணு ஸ்பூன் தின்னா சக்தி வளருமாம். வியாதியும் வந்து, வந்ததுக்குத் திட்டும் நானே வாங்கணுமா?"

கோபம் நியாயமானது. புற்றுநோய் வந்தவர்களை நம் ஊர்களில் முதலில் விசாரணைக்கூண்டில் ஏற்றுவார்கள். சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, மனசை அலட்டிக்கொண்டார், எதிர்ப்பு சக்தியைக் கோட்டைவிட்டார். தீர்ப்பு எழுதுகிறவர்களில் பாதிப்பேர் கையில் விற்பதற்கு ஒரு டப்பா இருக்கும்.

கத்தியக்கா ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். 'வெள்ளையணுக்கள் மிகக் குறைவு' என்று ஒரு வரி. அதற்கு மேலே ஆய்வக எண் 1184. அதன் பக்கத்தில், பிளாக் 3. தேதியைப் பார்த்தார். அந்த வாரம் தும்மலுக்கு விடுப்பு. வந்த பிளாக் அத்தனையையும் வெட்டியது அவர் ஒருவர்தான்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி பாக்கற? உனக்கும் புரியலையா?" என்றார் நாத்தனார்.

"நாளைக்குச் சொல்றேன் அண்ணி."

திங்கள் காலை ஏழேகாலுக்கே ஆய்வகத்தில் இருந்தார். போன வருடம் நோயை உறுதிசெய்ய வெட்டிய 1184-இன் ஏழு ஸ்லைடுகளையும் எடுத்து வரிசையாக மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். மூன்றாம் ஸ்லைடு சுத்தமாக இருந்தது. அவர் கைவண்ணம், பாடப்புத்தகத்தில் போடலாம். ஆறாம் ஸ்லைடில் கட்டியின் ஓரம் முழுசாக இருந்தது. அதைச் சுற்றி, பேருந்து நிலையத்தில் கடைசி வண்டிக்கு முண்டியடிக்கிற கூட்டம் மாதிரி, நீலம். நீலத்துக்கு நடுவே கொஞ்சம் பெரிதாக, வெளிறிப்போய், வயிறு உப்பிய செல்கள். அவற்றை விழுங்கு செல்கள் என்பார்கள்.

காவல் இல்லை என்று எழுதப்பட்ட உடம்பு அது. அதில் காவல் திரண்டு வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தது. அந்த வாசலைத்தான் இவர் சோதனைக்கு வெட்டவே இல்லை.

இந்த விழுங்கு செல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இவற்றின் மேல் கத்தியக்காவுக்கு வந்த ஆத்திரம் சாதாரண ஆத்திரம் இல்லை. இவற்றின் வேலை குப்பை அள்ளுவது, கிருமியை விழுங்குவது, புண் ஆறும் இடத்தில் புது ரத்தக்குழாய் வளர உதவுவது. கட்டியைப் புண் என்று எண்ணி வருகின்றன. வந்த இடத்தில் கட்டி அனுப்பும் சைகைகளில் மயங்கிப் பல சமயம் கட்சி மாறிவிடுகின்றன. புண்ணுக்குச் செய்ய வேண்டியதைக் கட்டிக்குச் செய்கின்றன. ரத்தக்குழாய் வரவழைத்துத் தீனி போடுகின்றன, பக்கத்துச் சதைக்குள் கட்டி நுழைய வழி வெட்டித் தருகின்றன. கட்டியைக் கொல்லவென்றே வரும் இன்னொரு வகை வெள்ளையணு கிட்டே நெருங்கினால், நில் என்று ஒரு கொடியைக் காட்டுகின்றன. அதுவும் நின்றுவிடுகிறது. நம் சோற்றைத் தின்று அங்கே ஊழியம்.

புது மருந்து செய்வது அந்தக் கொடியை மறைப்பது. புதுச் சோதனை எண்ணுவது அந்தக் கொடியை: நூறு கட்டிச் செல் இருக்கிற இடத்தில், கட்டிச் செல்லும் காவல் செல்லுமாக எத்தனை கொடி பிடித்திருக்கின்றன என்று. கொடி பிடித்த கூட்டம் நாத்தனாருக்கு நின்றதெல்லாம் ஓரத்தில். ஓரம் அழுக்கு என்று ஒதுக்கப்பட்டது.

புதுச் சோதனை ஆய்வகத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அதோடு பதினான்கு பக்கச் சுற்றறிக்கையும் வந்தது. சாயப்பாட்டிலை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும், மூடியைத் திறந்த தேதியை எங்கே எழுத வேண்டும், கையெழுத்து எந்த நிற மையில் இருக்க வேண்டும். எல்லாம் இருந்தது. எந்த பிளாக்கை எடுக்க வேண்டும் என்று மட்டும் ஒரு வரி இல்லை. கேட்பாரும் இல்லை. நடுவை எடு, ஓரத்தைச் சீவு. கை பழகிய பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பெரிய டாக்டரின் அறை மாடிப்படியை ஒட்டி இருக்கிறது. மேசையில் அவர் பாடம் எடுக்கப் பயன்படுத்தும் ஸ்லைடு பெட்டிகள். பாதிக்கு மேல் கத்தியக்கா வெட்டியவை. கத்தியக்கா சொல்வதை டாக்டர் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரிப்போர்ட் போனது போனதுதான். கொடுத்த ரிப்போர்ட்டை நாமே திரும்பத் திறந்தா ஆய்வகத்து மேல யாருக்கு நம்பிக்கை வரும்?"

"தப்பான ரிப்போர்ட்டு மேல நம்பிக்கை எதுக்கு சார்?"

"தப்புன்னு யாரு சொன்னது? மூணாம் பிளாக்ல நாலு. அது சரியாத்தான் எண்ணியிருக்கேன்."

"எண்ணினது சரி சார். நான் எண்ணக் கொடுத்த இடம் தப்பு. ஆறாம் பிளாக்ல வெட்டிப் பாருங்க. வெள்ளிக்கிழமை மருந்துக் குழு கூடுது. அதுக்குள்ள வேற ரிப்போர்ட் போகலைன்னா பழைய மருந்தை மட்டும் ஆரம்பிச்சிடுவாங்க. திரும்பப் பேசறதுக்கு மூணு மாசம் ஆகும். அவங்க நுரையீரல்கிட்ட மூணு மாசம் இல்ல."

"உங்க நாத்தனாராமே."

"ஆமா."

"சொந்தக்காரங்களுக்கு மட்டும் மறுசோதனையா? நாளைக்கு எல்லாரும் வந்து வாசல்ல நிப்பாங்க."

"நிக்கட்டும் சார். நிக்கறாங்கன்னா உயிரோட இருக்காங்கன்னு அர்த்தம்."

பெரிய டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கத்தியக்கா எழுந்திருக்கவில்லை.

"நாத்தனார்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓரமா பாத்து வெட்டியிருப்பேன்னு நினைக்கறீங்களா? அப்பவும் மூணாம் நம்பரைத்தான் எடுத்திருப்பேன். அதுதான் நல்ல பிளாக். நீங்க சொல்லிக் கொடுத்தது அதைத்தான். நான் இருபத்தெட்டு வருஷமா எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்ததும் அதைத்தான்."

"உறவுக்காரங்க கேட்டு மறுசோதனை செய்ய விதியில இடமில்ல. போய் வேலையப் பாருங்க."

அன்று சாயங்காலம் கணவர் வரும்வரைகூடக் காத்திருக்காமல் தனியாகப் பேருந்து ஏறி நாத்தனார் வீட்டுக்குப் போனார். உட்காரச் சொல்லும் முன்பே சொல்லிவிட்டார்.

"அண்ணி, உங்க ரிப்போர்ட்டுக்குத் துண்டு வெட்டினது நான்."

நாத்தனார் சமையலறைப் பக்கம் பார்த்தார், சுவர்ப் பலகையைப் பார்த்தார், கடைசியில் இவரைப் பார்த்தார். "அப்போ அந்த நாலு மார்க் போட்டது நீயா?"

"மார்க் போட்டது டாக்டர். கேள்வித்தாளை மாத்திக் கொடுத்தது நான்."

பிறகு நடு, ஓரம், கொடி எல்லாவற்றையும் சொன்னார். செல்போனில் எடுத்து வைத்திருந்த ஆறாம் ஸ்லைடின் படத்தைக் காட்டினார். நாத்தனார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இந்த நீலமெல்லாம் எனக்காக வந்ததா?"

"உங்களுக்காகத்தான். கட்டியக் கொல்ல வந்தது. இதோ, வெளுப்பா குண்டா இருக்கு பாருங்க, இது தடுத்துகிட்டு நிக்குது."

"அதாவது வண்டி நல்லா இருக்கு. டிரைவரும் ரெடி. பக்கத்து சீட்ல ஒருத்தன் உக்காந்துகிட்டுப் பிரேக்க விடாம மிதிக்கறான்."

"அதேதான் அண்ணி."

"அது என் வேலையாச்சே." அவருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் இருமலாகிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "நான் மிதிச்சா மாங்காவக் காப்பாத்த மிதிப்பேன். இவன் யாரக் காப்பாத்தறான்?"

"கட்டிய."

"அந்த மருந்து அவன் கால எடுத்துவிடுமா?"

"விடலாம். உறுதி சொல்ல முடியாது. பத்துக்கு மேல இருக்கறவங்கள்லயும் எல்லாருக்கும் கேக்கறதில்ல. ஆனா வாய்ப்பு இருக்கு. அதை உங்களுக்கு இல்லாம செஞ்சது நான்."

"அப்போ இந்தப் பவுடர்?"

"பிரேக் போட்டு வச்சிருக்கறப்ப ஆக்சிலேட்டர மிதிச்சு என்ன பண்றது? இது ஆக்சிலேட்டர்கூட இல்ல அண்ணி. மோந்து பாத்தேன். சத்துமாவு."

நாத்தனார் டப்பாவை மேசையின் மறுபக்கத்துக்குத் தள்ளினார்.

"உன் மேல எனக்குக் கோவம் இருக்கு," என்றார். "அது ஒரு பக்கம் இருக்கட்டும், தெம்பு வந்ததும் பேசிக்கறேன். சொந்தக்காரங்க கேக்கக் கூடாதுன்னானா உங்க டாக்டரு?"

"ஆமா."

"நான் எனக்கே சொந்தக்காரி இல்லையே. நான் நோயாளி. அது என் சதை. அந்த டிராயர்ல ஸ்கூல் லெட்டர்பேடு கிடக்கும், எடு."

கடிதம் ஏழு வரி. என் கட்டியின் ஓரப்பகுதி சோதிக்கப்படவில்லை, ஆறாம் பிளாக்கில் அது இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சோதித்து முடிவை எழுத்தில் தர வேண்டும், இயலாது என்றால் அதையும் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். கடைசி வரியை நாத்தனார் தானாகச் சேர்த்தார்: எனக்கு முன் வந்தவர்களுக்கும் இதே போல் நடந்ததா என்று தெரிவிக்கவும்.

செவ்வாய் காலை அந்தக் கடிதம் பெரிய டாக்டர் மேசைக்குப் போனது. கூடவே இன்னொரு தாளும். கத்தியக்கா தன் கையால் எழுதியது: ஓரத்தைத் தவிர்த்து பிளாக் தேர்ந்தெடுத்தது நான், இது ஒரு நாள் தவறில்லை, புதுச் சோதனை தொடங்கியதிலிருந்து இப்படித்தான் செய்து வருகிறோம். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறவர் எழுதக் கூடாத தாள் அது. விசாரணை வந்தால் பென்ஷன் இழுபடும். "கொஞ்சம் யோசிச்சு எழுதியிருக்கலாமே" என்று தும்மல் சொன்னார். "ரெண்டு வருஷமா யோசிக்காம வெட்டினதுக்கு இப்ப யோசிக்கறேன்" என்றார் கத்தியக்கா.

எழுத்தில் மறுப்பது பெரிய டாக்டருக்கு முடியாத காரியம். ஒரு நிபந்தனை போட்டார்: உறவுக்காரர் தொடக் கூடாது. அதில் நியாயம் இருந்தது. கத்தியக்கா ஒப்புக்கொண்டார்.

அதனால் புதன்கிழமை ஆறாம் பிளாக்கை வெட்டும் பொறுப்பு, மருத்துவமனை ஊழியர்களிலேயே மூக்கு சரியில்லாத ஒரே ஆளிடம் போனது. தும்மல் ஒரு முகமூடிக்கு மேல் இன்னொன்று மாட்டிக்கொண்டார். மாத்திரை ஒன்றும் போட்டிருந்தார். கத்தியக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நான்கடி தள்ளி நின்றார்.

"இன்னும் கொஞ்சம் ஐஸ்ல வைங்க."

"வச்சாச்சுக்கா."

"பிளேடு புதுசா?"

"புதுசுக்கா. நீங்க கேன்டீனுக்குப் போய் டீ குடிங்களேன், பாத்துகிட்டே நின்னா எனக்குத் தும்மல் வந்துடும்."

"ஓரத்தத் தொடாதீங்க."

"ஓரத்துக்காகத்தான்க்கா வெட்டறேன்."

சக்கரம் சுற்றியது. ரிப்பன் இறங்கியது. முதல் இரண்டு சுருண்டன, மூன்றாவது நேராக வந்தது. வெந்நீரில் விரிந்தபோது ஓரத்தின் வளைவு அப்படியே தெரிந்தது. ஸ்லைடில் அள்ளி முடித்து, சாயக் கருவியில் வைத்துக் கதவை மூடிய பிறகு, தும்மல் வராந்தாவுக்கு ஓடிப்போய் ஆறு முறை தும்மினார்.

வியாழன் மத்தியானம் பெரிய டாக்டர் எண்ணினார். கொடி பிடித்த செல் பழுப்பாகத் தெரியும். ஒருமுறை எண்ணி எழுதினார், அடித்தார், இடத்தை மாற்றி மறுபடி எண்ணினார். முதலில் பதினெட்டு, பிறகு பதினேழு. பதினேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அழுக்குன்னு முதல்ல சொன்னவன் நான்தான்," என்றார். "நீங்க சேர்றதுக்கு முன்னாடி."

அந்த வார்த்தையை அவரிடமிருந்து வாங்க ஒரு நோயாளியின் கடிதம் தேவைப்பட்டது. கத்தியக்கா அதற்கு நன்றி சொல்லவில்லை. கையில் இருந்த நோட்டை மேசைமேல் வைத்தார். இரண்டு வருடத்தில் செய்த புதுச் சோதனைகள் இருநூற்று முப்பத்தொன்று. பத்துக்குக் கீழே என்று எழுதி அனுப்பியது, நாத்தனாருடையதைத் தவிர, நூற்று நாற்பத்தாறு. அவற்றில் தொண்ணூற்றேழு பேருக்கு ஓரம் இருக்கும் வேறு பிளாக் அலமாரியில் இருக்கிறது. மீதி நாற்பத்தொன்பது பேருக்கு இல்லை. அவர்களுக்குச் சின்னக் கட்டி, ஒரே பிளாக்தான் இருந்திருக்கிறது. அதன் ஓரத்தையும் சீவித் தொட்டியில் தட்டியாகிவிட்டது. சீவியது பாதிக்கு மேல் இவர் கை.

"இத்தனையையும் திறக்கச் சொல்றீங்களா? அன்றாட வேலை என்ன ஆகும்?"

"அரை மணி முன்னாடி வர்றோம் சார். நானும் பக்கத்து மேசைக்காரரும் பேசிட்டோம்."

"இதுல எத்தன பேரு இப்போ..." பெரிய டாக்டர் முடிக்கவில்லை.

"தெரியாது சார். நம்பர் மட்டும்தானே நமக்குத் தெரியும். மேல புற்றுநோய் டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கணும்."

வெள்ளிக்கிழமை குழு கூடியது. புது ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்துக்கு ஒப்புதல் தந்தது. பதினேழு வந்தது பற்றி மருத்துவமனையிலிருந்து வந்த கடிதத்தில் 'மறு ஆய்வில் மதிப்பு திருத்தப்பட்டது' என்று மட்டும் இருந்தது. எப்படித் திருந்தியது, யார் திருத்த வைத்தார்கள், முதல் தடவை ஏன் தவறியது என்பதற்கெல்லாம் அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. நாத்தனார் அதை இரண்டு முறை படித்தார்.

"தானா திருந்திடுச்சாம்," என்றார். "கம்பம் தானா சாஞ்ச மாதிரி."

கத்தியக்காவுக்குப் பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக அந்தக் கம்பத்தைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, இது உறுதி கிடையாது, மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்று மறுபடி சொன்னார். தெரியும்மா, என்றார் நாத்தனார். லைசென்ஸ் வாங்கினவனெல்லாம் வண்டி ஓட்டிடறானா என்ன.

விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் கத்தியக்காவுக்கு வந்திருக்கிறது. பதில் தரப் பதினைந்து நாள் அவகாசம். பெரிய டாக்டருக்கு அப்படி எதுவும் வரவில்லை. பதினான்கு பக்கச் சுற்றறிக்கை எழுதியவர்களுக்கும் வரவில்லை.

நாத்தனாருக்கு முதல் மருந்து புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு ஏறுகிறது. அதற்கு இரண்டு நாள் முன்னதாக, திங்கள் காலை ஏழு மணிக்கு, தொண்ணூற்றேழு பிளாக்குகளில் முதல் பன்னிரண்டு ஐஸுக்குப் போகும்.